நான்கு பூச்சுகள்

திரையில் தொண்ணூற்றொன்று என்று இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அதே தொண்ணூற்றொன்றுதான். என் கண்ணாடி அழுக்கா சுத்தமா என்று பார்த்தா எண் மாறப்போகிறது?

அது இருபத்தைந்தாக இருந்திருக்க வேண்டும். பூச்சே இல்லாத வெறும் பொடிக்கு இருபத்தைந்து, போனால் போகிறதென்று இருபத்தேழு வரும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

மணி பதினொன்று. மூன்று மணிக்கு இரண்டாம் மாடியில் விசாரணை. என் மனைவியின் தம்பி, வேலையைச் செய்யாமலே செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதினான் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, கையில் கொடுத்தனுப்பும் காகிதத்தில் 'பொய்ப் பதிவு' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் எந்த ஆய்வகமும் அவனை வாசற்படி மிதிக்க விடாது. அவனுக்கு இருபத்தாறு வயது. குற்றம் சாட்டி அறிக்கை எழுதிக் கொடுத்தவன் நான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜியோலைட் என்பது பார்க்க முகப்பவுடர் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள், அளவெடுத்துத் துளைத்த மாதிரி. டொலுவீன் ஆவியைச் சூடாக அதன்மேல் விட்டால், ஓட்டைக்குள் நுழைந்து சைலீனாக மாறி வெளியே வரும். சைலீனில் மூன்று வகை. எங்களுக்கு வேண்டியது பாரா என்கிற ஒல்லி வகை மட்டும்தான். துணி நூலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அதுதான் மூலப்பொருள். ஒல்லி என்பதால் ஓட்டையிலிருந்து அது முந்திக்கொண்டு வெளியே வரும். வந்தது அப்படியே போய்த் தொலையாது. துகளின் வெளித்தோலும் சும்மா இருக்காதல்லவா, அங்கே பட்டு மறுபடியும் அந்த இரண்டு தடியன்களாக மாறிவிடும். கடைசியில் நூற்றுக்கு இருபத்தைந்துதான் பாரா.

ஆகவே வெளித்தோலுக்கு மட்டும் சிலிக்காவால் மெல்லிய பூச்சுக் கொடுத்து அதை வாயடைக்க வைக்க வேண்டும். ஓட்டையின் வாய் மட்டும் திறந்தே இருக்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன் வாசலையும் சேர்த்துப் பூசிவிட்டால் எப்படி இருக்கும்? அந்த அவஸ்தைதான் எங்கள் தொழில்.

பூசுவதற்கு ஊரில் எல்லோரும் விலை கூடிய திரவங்களைப் பயன்படுத்துகிறார்கள். நான் தண்ணீரிலேயே கரைத்துப் பூசுகிற ஒரு செய்முறை கண்டுபிடித்தேன். நான்கு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் ஆறு மணி நேரம் கலக்கி, உலர்த்தி, உலையில் வைத்துச் சுட்டு, ஆறவைத்து, கழுவி, மறுபடியும் முதலிலிருந்து. முடித்து ஓட்டிப் பார்த்தபோது பாரா தொண்ணூற்று மூன்று வந்தது. இயக்குநர் என் முதுகில் தட்டிய தட்டில் இரண்டு நாள் வலி. காப்புரிமை விண்ணப்பம் தயாராகிவிட்டது. தனி ஆய்வகம் தருகிறேன் என்று அவர் வாய்விட்டே சொன்னார். ஒன்பது மாதமாக நான் தரையில் கால் வைத்து நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் போவதற்கு முன் இன்னொரு கை அதே செய்முறையைச் செய்து காட்ட வேண்டும். அது எங்கள் ஆய்வகத்து விதி. அந்த இன்னொரு கையாக என் மைத்துனனை வைத்தேன்.

அவனை வேலைக்குச் சேர்த்ததே நான்தான். சேர்ந்த முதல் நாளே அவனிடம் சொன்னேன்: "இங்க நான் சார். மாமாங்கறதெல்லாம் வீட்டோட வச்சுக்க." அவன் தலையாட்டினான். ஆனால் ஆய்வகம் விடுமா? அன்று மாலைக்குள் அவனுக்கு 'மச்சான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிடங்குக்காரர் முதல் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவன் மச்சான். டீ குடிக்கிற இடத்தில் "மச்சானுக்கு என்னப்பா, மாமா இருக்காரு" என்று ஒரு சிரிப்பு கேட்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? அவன்மேல்தான் காட்டினேன். மற்றவர்கள் ஒரு தவறு செய்தால் ஒரு வார்த்தை, அவன் செய்தால் ஒன்பது வார்த்தை. பாரபட்சம் பார்க்காதவன் என்று பெயர் வாங்குவதற்காக அவனிடம் மட்டும் பாரபட்சமாக இருந்தேன்.

அவன் மூன்று முறை பொடி தயாரித்தான். அவனுடைய ரியாக்டரில், அதாவது பொடியை வைத்து டொலுவீன் விடுகிற குழாயில், மூன்று முறையும் ஓட்டினான். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தைந்து. பூச்சே போடாத பொடிக்கு என்ன வருமோ அதேதான்.

"நாலு பூச்சும் போட்டியா?"

"போட்டேன் சார். நோட்ல இருக்கறபடி."

"நோட்ல இருக்கறத நானும் படிச்சேன். கையில இருக்கறத கேக்கறேன்."

"போட்டேன் சார்."

மூன்றாம் முறைக்குப் பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். "சார், என் பொடிய உங்க ரியாக்டர்ல ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?"

"ஏன், உன் தப்பக் கழுவறதுக்கு என் குழாய்தான் கெடச்சுதா?" என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் மறுபடி கேட்கவில்லை.

எழுதிக் கொடுத்தேன். 'பூச்சு வேலை எதுவும் செய்யப்படவில்லை; செய்ததாகக் குறிப்பேட்டில் பதியப்பட்டுள்ளது.' சொந்தக்காரன் என்று பார்க்காமல் எழுதினேன் என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். என் மனைவி மட்டும் அன்றிலிருந்து என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. மூன்று வாரமாக எங்கள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு. மாடியறையில் இருக்கிற அவன் நான் கிளம்பிப் போன பிறகுதான் கீழே இறங்குவான்.

இன்று காலை வெறும் பொடியை என் ரியாக்டரில் ஓட்டியதும் நானாகச் செய்ததில்லை. விசாரணையை நடத்துகிற நிர்வாக அதிகாரி அம்மா நேற்று கோப்பைப் புரட்டிவிட்டு, "வெறும் பொடியோட எண் ஒம்பது மாசம் பழசா இருக்கே சார், புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க" என்றார். அவருக்கு வேதியியல் தெரியாது. எல்லாவற்றுக்கும் புதுத் தேதி வேண்டும், அவ்வளவுதான். மனதுக்குள் சிரித்துக்கொண்டே காலை ஏழு மணிக்கு வந்து பொடியைப் போட்டேன்.

இப்போது தொண்ணூற்றொன்று வந்து நிற்கிறது.

முதலில் பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். பூச்சுப் போட்ட பொடியை மாற்றி எடுத்துவிட்டேனோ? பாட்டிலில் என் கையெழுத்திலேயே 'வெறும் பொடி' என்று இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த தாள்கூட இன்று காலை நான் கிழிக்கும்வரை கிழியாமல்தான் இருந்தது. அப்புறம் எண் சொல்கிற கருவியைச் சந்தேகப்பட்டேன். அதைப் பார்த்துக்கொள்பவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு எங்கள் ஆய்வகத்தில் 'தராசு' என்று பெயர். எந்த வார்த்தையையும் நிறுத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள்.

"மிஷின் சரியா இருக்கா?"

"காலைல தெரிஞ்ச கலவை ஒண்ணு போட்டுப் பாத்தேன் சார். சரியா காட்டுச்சு."

"இன்னொரு தடவ போடு."

போட்டாள். அரை மணி நேரம் இருவரும் திரைமுன் நின்றோம். கோடு ஏறி இறங்கி ஏறியது. தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. அவள் திரையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

உலையை அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றப் போனேன். எங்கள் குழாய் கண்ணாடி மாதிரியான குவார்ட்ஸ். மேலே ஒரு மூட்டு உண்டு. டொலுவீன் ஆவி அந்த மூட்டு வழியாகத்தான் கீழே பொடிக்கு இறங்கும். ஒன்பது மாதத்துக்கு முன் முதல் வாரம் வெறும் பொடியை ஓட்டியபோது ஒழுங்காக இருபத்தைந்து வந்தது. இரண்டாம் வாரம் மூட்டு லேசாகக் கசிந்து அறையெல்லாம் டொலுவீன் வாடை அடித்தது. கிரீஸ் எடுத்துத் தாராளமாகப் பூசினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் என் கையாலேயே பூசுகிறேன். உதவியாளர்கள் கஞ்சத்தனமாகப் பூசுகிறார்கள் என்று யாரையும் தொடவிட்டதில்லை.

மூட்டைத் திருகி எடுத்ததும் விரலால் தடவிப் பார்த்தேன். வழுக்கவில்லை. காலையில் பட்டாணி அளவுக்கு நான்கு இடத்தில் வைத்திருந்தேன். மேல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே துடைத்து விட்ட மாதிரி சுத்தம்.

காலையில் வைத்தது எங்கே போனது?

டியூபை எடுத்துப் பார்த்தேன். அது சிலிக்கோன் கிரீஸ். டொலுவீனில் நன்றாகக் கரையும். சூடான டொலுவீன் ஆவி ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. கீழே நானூற்றைம்பது டிகிரியில் பொடி. ஓட்டைக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறு, வெளித்தோலில் உட்கார்ந்து வெந்து சிலிக்காவாகிவிடும். அதாவது பூச்சு. அச்சு அசலான, அருமையான பூச்சு. என் செய்முறை போடவேண்டிய பூச்சை ஒன்பது மாதமாகக் கிரீஸ் போட்டுக் கொடுத்திருக்கிறது. நான் எதைப் போட்டாலும் தொண்ணூறு வந்திருக்கும். தெருப்புழுதியைப் போட்டால் வராது, அவ்வளவுதான்.

அவன் ரியாக்டரில் ஏன் வரவில்லை என்பதும் அந்தக் கணமே விளங்கிவிட்டது. அவன் மூட்டுக்குக் கிரீஸ் தொடவே மாட்டான். டெஃப்லான் உறை ஒன்றை வெட்டி அளவாக மாட்டுவான். "ஒரு மூட்டு மாட்ட அரை மணி நேரமா?" என்று அதற்கும் திட்டியிருக்கிறேன். சுத்தமாக வேலை செய்ததால் அவனுக்கு உண்மையான எண் வந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் அவனைப் பொய்யன் என்று எழுதினேன்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உடனே எழுந்து ஓடி உண்மையைச் சொல்லவில்லை நான். உட்கார்ந்து யோசித்தேன். இந்த எண் தெரிந்தது எனக்கும் தராசுக்கும் மட்டும். பாட்டில் மாறிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. மேசைமேல் பழைய எண் இருக்கிறது, இருபத்தைந்து, முறையாக எடுத்தது, பொய்யில்லை. ஒன்பது மாதம், விண்ணப்பம், தனி ஆய்வகம், தெருவில் போகும்போது நிமிர்ந்து நடக்கிற நடை. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க முடியுமா? என் செய்முறை கொஞ்சமாவது வேலை செய்துதான் இருக்கும், கிரீஸ் பாதி, செய்முறை பாதி என்று என்னையே நான் தாஜா பண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு பூச்சுக்கும் பிறகு பொடியின் எடை கூடவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. கையில் ஒட்டிப் போயிருக்கும் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டவனும் நான்தான்.

கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, அவன் காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. சட்டைய ரெண்டு தடவ அயர்ன் பண்ணிட்டான். நீங்க அங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

"இருந்து?"

மூன்று வாரத்தில் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசிய முதல் பேச்சு அதுதான். வைத்துவிட்டாள்.

எழுந்தேன். அலமாரியில் பிரிக்காத புதுக் குழாய் ஒன்று இருந்தது. என் பூச்சுப் பொடியை, நான்கு பூச்சும் என் கையால் போட்ட பொடியை, கிரீஸ் இல்லாமல் ஓட்ட வேண்டும். தொண்ணூறு வந்தால் என் செய்முறை தப்பிக்கும், அவன் மாட்டுவான். இருபத்தைந்து வந்தால் அவன் தப்பிப்பான். உலை சூடேற ஒரு மணி நேரம், ஓட ஒரு மணி நேரம், எண் வர அரை மணி. இரண்டே முக்காலுக்கு முடியும். தராசைக் கூப்பிட்டேன்.

"என் பொடிய எடுத்து நீ எடை போட்டு நீயே குழாய்ல போடு. மூட்டுக்கு டெஃப்லான் உறை மாட்டு. கிரீஸ் டியூப் இந்த ரூம்லயே இருக்கக்கூடாது."

"நான் எதுக்கு சார்? நீங்க யாரையும் தொட விட மாட்டீங்களே."

"நான் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

அவள் ஒரு கணம் நிறுத்துப் பார்த்தாள். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்தேன். உலையின் எண் நூறு, இருநூறு என்று ஏறியது. முந்நூற்றுப் பத்தில் நின்று மூச்சு வாங்கி மறுபடி ஏறியது. டொலுவீனைத் திறந்துவிட்டபோது மணி ஒன்றே கால். மூட்டில் கசிவு இல்லை. அவள் மாட்டிய உறை கச்சிதமாக இருந்தது. ஒன்பது மாதத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. வெளியே எடுத்த திரவத்தை அவளே ஊசியில் உறிஞ்சி இரண்டேகாலுக்குக் கருவியில் ஏற்றினாள்.

என்ன வரவேண்டும் என்று நான் விரும்பினேன்? உண்மையைச் சொன்னால், தொண்ணூறு வரட்டும் என்றுதான் விரும்பினேன். அந்தப் பையன் மாடியறையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் அப்படி விரும்பினேன். வெட்கக்கேடு, ஆனால் மனசு கேட்டால்தானே.

திரையில் கோடு ஏறத் தொடங்கியது. முதலில் பென்சீன், அப்புறம் டொலுவீனின் பெரிய மலை, அப்புறம் நாங்கள் காத்திருந்த மூன்று மேடு. பாராவின் மேடு வந்தது. அதன் பக்கத்திலேயே மற்றொன்று அதைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு எழுந்தது. எண் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருபத்தாறு சார்" என்றாள் தராசு.

என் நான்கு பூச்சும் பூஜ்யம். கழுவுகிற தண்ணீரோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது போல. இரண்டு தாளையும் அச்செடுத்துக்கொண்டு, அவளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மாடியேறினேன்.

அறையில் இயக்குநரும் நிர்வாக அதிகாரி அம்மாவும் மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அவன். இரண்டு தடவை தேய்த்த சட்டையின் கழுத்துப்பட்டை விறைப்பாக நின்றது.

"வாங்க, வேல மிச்சம்" என்றார் இயக்குநர். "தம்பியே சீக்கிரம் வந்து ஒத்துக்கிட்டாரு."

அதிகாரி அம்மா தாளைப் பார்த்துப் படித்தார். "பூச்சு வேலையைச் செய்யாமல் செய்ததாக எழுதியது உண்மை. கையெழுத்தும் ஆச்சு சார். தானா ஒத்துக்கிட்டதால ராஜினாமா வாங்கிக்கிட்டு விட்டுடலாம்னு பாக்கறோம். பேப்பர்ல தப்பா எதுவும் எழுத மாட்டோம்."

அவன் என்னைப் பார்க்கவில்லை.

எல்லாக் கதவும் எனக்காகவே திறந்த மாதிரி இருந்தது. அவனுக்குக் கறுப்புப் புள்ளி இல்லை, வேறெங்காவது வேலை தேடிக்கொள்வான். எனக்கு என் தொண்ணூற்று மூன்று மிஞ்சும். கையில் இருக்கிற இரண்டு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் போதும். அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

"அந்தப் பேப்பர் பொய்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவன் பூச்சு போட்டிருக்கான். என் செய்முறைதான் உதவாது. என் ரியாக்டர் மூட்டுல இருந்த கிரீஸ்தான் இத்தன நாளா எண்ணக் குடுத்துது."

இயக்குநர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் சிரித்தார். பரிவாகச் சிரித்தார். "வீட்ல ரொம்பப் பேச்சா? புரியுது. எனக்கும் மச்சான் இருக்கான். அதுக்காக இப்படியா? அதான் பேப்பர்ல ஒண்ணும் எழுதலன்னு சொல்லிட்டமே. உக்காருங்க."

இத்தனை மாதம் நான் அவனைக் கரித்துக்கொட்டியது எதற்காக? சொந்தக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்ற பேச்சு வரக்கூடாது என்றுதானே? இப்போது வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்காக உண்மை பேசினால், அதுவே வக்காலத்தாகத் தெரிகிறது.

"வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!" மேசையில் தட்டிவிட்டேன். அதிகாரி அம்மாவின் பேனா உருண்டு விழுந்தது. "வெறும் பொடி, கிரீஸோட, தொண்ணூத்தொண்ணு. என் பொடி, கிரீஸ் இல்லாம, இருபத்தாறு. ரெண்டும் இன்னிக்குப் போட்டது. அந்தப் பொண்ணு வெளிய நிக்கறா, கேளுங்க."

தராசு உள்ளே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு பொடி போட்டது?"

"ரெண்டாவதுக்கு நான்தான் சார். எடை போட்டதும் நான்தான். சார் குழாயத் தொடவே இல்ல."

"தப்பா இருக்க வாய்ப்பு?"

அவள் நிறுத்துப் பார்த்தாள். அந்த அறையில் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எப்பவும் உண்டு சார். நாளைக்கு வேற யாரையாவது வச்சு மறுபடி போடுங்க. ஆனா என் கையில வந்தது இருபத்தாறுதான்."

இயக்குநர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் குழாய் மாட்டியவர்தான். மேட்டின் உயரங்களை அவர் விரல் தொட்டுத் தொட்டுப் போனது. சிரிப்பு போய்விட்டது.

"அப்ப விண்ணப்பம்?"

"கிழிச்சுடுங்க."

"ஒம்பது மாசமா ஒரு கிரீஸ் டியூபையா எனக்குக் காட்டிட்டிருந்தீங்க?"

"ஆமா."

அவர் மேற்கொண்டு சொன்னதை இங்கே எழுத வேண்டாம். சொன்ன ஒவ்வொன்றும் எனக்குத் தகும். தனி ஆய்வகம் அந்த அறையிலேயே காற்றோடு போயிற்று, எனக்கு ஒரு கடிதம் வரும் என்பதும் முடிவாயிற்று. விசாரணை ரத்து. அதிகாரி அம்மா அவன் கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"ஏம்பா, செஞ்சிருந்தா செய்யலன்னு எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"தெரியல மேடம்" என்றான்.

அவன் எழுந்து வெளியே போனான். நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டின் திருப்பத்தில் பிடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினேன். பாழாய்ப்போன வாய், அதட்டலாகத்தான் வந்தது.

"யாருடா உன்ன ஒத்துக்கச் சொன்னது? அக்காவா? எனக்காகத் தியாகம் பண்றியா?"

"தியாகமெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மொதல்ல நீங்க சொன்னப்ப கோவம்தான் வந்துச்சு. நான் போட்டேன்னு எனக்குத் தெரியும்ல. அப்புறம் தெனமும் யோசிச்சேன். மூணாவது பூச்சு அன்னிக்குக் கலக்க வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டனோன்னு தோணுச்சு. அடுத்த வாரம் ரெண்டாவதும் ஞாபகத்துல இல்ல. நோட்ட எடுத்துப் பாத்தா என் கையெழுத்துதான், ஆனா யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. உங்களுக்குத் தப்பே வராதுன்னு அக்கா கல்யாணத்துலேருந்து கேட்டுட்டிருக்கேன்." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "இன்னிக்குக் காலைல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் செய்யலன்னு நிச்சயமா தெரிஞ்சுது. அதான் போட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சொல்லுங்க" என்றான். நிஜமாகவே கேட்டான். "மூணு பொடிக்கும் நாலு தடவையும் நான் பூசினேனா?"

"பூசின."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? என் பூச்சு ஒட்டாத பூச்சு. போட்ட பொடிக்கும் இருபத்தாறு, போடாத பொடிக்கும் இருபத்தைந்து. அந்தப் பொடியே முக்கால்வாசி சிலிக்கா, கடுகளவு கூடியதைக் கண்டுபிடிக்க எங்களிடம் கருவி கிடையாது. அவன் பூசினானா இல்லையா என்று சொல்ல உலகத்தில் எந்தச் சோதனையும் இல்லை. என் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"நோட்ல எழுதியிருக்கியே" என்றேன்.

"அது அன்னிக்கும் எழுதித்தான் இருந்துச்சு" என்றான்.